வெயிலைப் பார்த்துப் போட்ட கொழும்புத் திட்டம்

கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் போய் நின்றால் தங்கக் காசில்லை, சாப்பிடக் காசில்லை. ஆனால் யாழ்ப்பாணம் திரும்பி வந்து கைப்பையைத் திறந்தால் ஒன்றும் மிஞ்சியிராது. ஒருமுறை ஆறுதலாக இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பார்த்த இடங்களுக்குக் கொடுத்தது சொற்பம். மற்றதெல்லாம் ஓட்டோவுக்கும், குளிர்மைக்காக நுழைந்த கடைத்தொகுதியில் பிள்ளைகள் கேட்ட பிட்ஸாவுக்கும் ஐஸ்கிரீமுக்கும், தாகத்துக்கு வாங்கிய சோடாப் போத்தல்களுக்கும் போயிருந்தது. அத்தனையும் பகல் பதினொன்றரைக்கும் மூன்றுக்கும் இடையில் போன காசு. கொழும்பில் காசைத் தின்பது வெயில்தான். எங்கள் ஊர் வெயிலுக்குப் பழகினவர்களுக்கே அந்தப் புழுக்கம் தாங்காது. உடுப்பு உடம்போடு ஒட்டிக்கொள்ளும், பிள்ளை சிணுங்கத் தொடங்கும், கை தானாகவே நீண்டு முதல் வருகிற ஓட்டோவை மறிக்கும்.

அதனால் இந்த ஓகஸ்ட் விடுமுறைக்கு வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் நின்றபோது, எங்கெங்கே போகலாம் என்று இடங்களை அடுக்காமல், எந்த நேரத்தில் எங்கே நிழல் இருக்கும் என்று பார்த்து ஒரு நாளைத் திட்டம் போட்டேன். நான், அம்மா, பதினொரு வயது மகன், ஏழு வயது மகள். அம்மாவுக்கு முழங்கால் நோ. மகள் நடப்பாள், ஆனால் பசி தாங்கமாட்டாள். இந்த இரண்டையும் வைத்துத்தான் மிச்சம் எல்லாம்.

முதலில் நாள். சனிக்கிழமையைத்தான் எடுத்தோம். மற்ற நாட்களில் காலையில் கோட்டைப் பக்கம் போகும் ரயிலில் கந்தோருக்குப் போகிற சனம் கதவில் தொங்கும். வயதானவர்களோடு ஏறவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை ரயில் காலியாக இருக்கும், ஆனால் புறக்கோட்டையில் அரைவாசிக் கடை பூட்டு. போயா நாளென்றால், அதாவது பௌர்ணமி விடுமுறையென்றால், இன்னும் மோசம். சனிக்கிழமை காலையில் சனம் குறைவு, கடைகள் திறப்பு. அருங்காட்சியகம் மாதிரி அரசாங்க இடங்கள் திறந்திருக்கிறதா என்று மட்டும் முதல் நாளே போன் எடுத்துக் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது, நிற்கிற வீட்டுக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிடுவது. இதை யாரும் ஒரு விசயமாக நினைப்பதில்லை. மத்தியானம் வருவீர்கள் என்று நினைத்து அக்கா காலையிலேயே மீன் வாங்கி வைத்திருந்தால், பன்னிரண்டு மணிக்கு போன் வரும். ஓட்டோ பிடித்து ஓடி வரவேண்டும். பிறகு வெளியே போக மனமும் வராது. "மத்தியானம் சமைக்க வேண்டாம், இரவுக்கு வந்து சாப்பிடுவம்" என்று முதல் நாள் இரவே சொன்னேன். அக்காவுக்கு முகம் கொஞ்சம் கோணியது உண்மை. அத்தான் வாடகைக்குக் கார் பிடித்துத் தருகிறேன் என்று நின்றார். ஊரிலிருந்து கொண்டுபோன பனங்கட்டியையும் முருங்கைக்காயையும் காட்டிக் கதையை மாற்றினேன்.

காலை ஆறரைக்கே இடியப்பமும் சொதியும் ஆயிற்று. அக்கா அவித்த கடலை, வாழைப்பழம், ஆளுக்கொரு போத்தல் கொதித்தாறிய தண்ணீர் என்று கட்டித் தந்தார். அந்தக் கடலைதான் அன்று எங்களைக் கடைகளிலிருந்து காப்பாற்றியது. பிள்ளைக்குப் பசி வருகிற நேரத்தில் கையில் ஏதாவது இருந்தால், கண்ணில் படுகிற எல்லாவற்றையும் கேட்காது.

வெள்ளவத்தை ஸ்டேஷன் கடலை ஒட்டியே இருக்கிறது. கடுகதி ரயில்கள் அங்கே நிற்காது. எல்லா இடமும் நின்று போகிற ரயிலுக்குத்தான் காத்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு ரிக்கற் எடுத்தால் போதும். கோட்டைக்குப் போகும்போது இடது கைப் பக்க யன்னலைப் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வரை தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே கற்பாறைகள் மட்டும்தான். ஓகஸ்டில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். ஒரு அலை பாறையில் அடித்து அதன் தூவானம் யன்னலுக்குள்ளேயே வந்தது. மகள் கத்திய கத்தலில் எதிரே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த பெரியவர்கூடச் சிரித்தார். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் தண்டவாளம் உள்ளே திரும்பி, கொம்பனித்தெரு வழியாகக் கோட்டைக்குப் போகும். சுற்றுலாக்காரர் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் படகில் போய்ப் பார்க்கிற கடல் காட்சி எங்களுக்கு ஒரு பிளேன் டீக் காசில் கிடைத்தது. ரிக்கற்றைத் தொலைக்கக்கூடாது, இறங்கும்போது வாயிலில் வாங்குவார்கள்.

கோட்டை ஸ்டேஷனிலேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள். சில்லறை கையில் இருக்கட்டும். புறக்கோட்டைக்குள் நுழைந்த பிறகு பிள்ளை கேட்டால் அலைய வேண்டும். பயணக் குறிப்பு எழுதுகிற ஆண்கள் யாரும் இதை எழுதுவதில்லை.

எட்டரைக்குப் புறக்கோட்டைக் கடைகள் முழுக்கத் திறந்திராது. அந்த நேரத்தைக் கோட்டைத் தெருக்களுக்குக் கொடுத்தோம். ஸ்டேஷன் வாசலில் ஒல்கொட் சிலையைத் தாண்டி மெதுவாக நடந்தால், சதாம் வீதியின் முனையில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. 1857இல் கட்டியது. வடிவமைத்தவர் அந்த நேரம் ஆளுநராக இருந்த சேர் ஹென்றி வோர்டின் மனைவி. பிறகு மேலே விளக்கைப் பொருத்திக் கலங்கரை விளக்கமாகவும் பாவித்தார்கள். இன்றைக்கு அதைச் சுற்றி நிற்கிற கட்டிடங்களைப் பார்த்தால், கடலில் வருகிற கப்பலுக்கு அது எப்படித் தெரிந்தது என்று மகன் கேட்டது நியாயமான கேள்விதான். கட்டிடங்கள் எழும்பி மறைத்ததால்தான் 1950களில் அதன் விளக்கு வேலை முடிந்தது. யோர்க் வீதியில் சிவப்புக் கார்கில்ஸ் கட்டிடத்தின் வளைவு நடைபாதை காலை வெயிலுக்கு நல்ல நிழல். அதோடு கோட்டை முடிந்தது. அங்கே இப்போது வங்கிகளும் ஹோட்டல்களும்தான், நிற்க ஒன்றுமில்லை.

பிரதான வீதி வழியாகப் புறக்கோட்டைக்குள் போனால், வாசலில் காவல் நிற்பதுபோல இன்னொரு மணிக்கூடு, கான் மணிக்கூட்டுக் கோபுரம். பார்சிக் குடும்பம் ஒன்று தகப்பனின் நினைவாக 1923இல் கட்டிக் கொடுத்தது. அங்கிருந்துதான் உண்மையான கொழும்பு தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

புறக்கோட்டையில் தெருவுக்கு ஒரு சரக்கு. முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் மின்சாரச் சாமான், கெய்சர் வீதியில் துணி, கபோஸ் ஒழுங்கையில் நாட்டு மருந்துச் சரக்கு, நான்காம் ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் வெங்காயம், மிளகாய், மாசி. ஐந்தாம் குறுக்குத் தெருவுக்கு மூக்கே வழி காட்டும். இந்த ஒழுங்கு தெரியாமல் போனால் ஒரே இடத்தை மூன்று தரம் சுற்றி, வேண்டாததை வாங்கி, களைத்துப்போய்த் திரும்ப வேண்டியதுதான். நாங்கள் வாங்க நினைத்ததை முதலே எழுதிக்கொண்டு போனோம்: பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் போத்தல், பள்ளிக்கூடக் கொப்பிகள், அக்காவுக்கு ஒரு பருத்திச் சட்டைத்துணி. வேறொன்றுக்கும் நிற்பதில்லை என்று மகனிடம் உறுதி வாங்கியிருந்தேன். மலிவு என்று வாங்குகிற சாமானில் போகிற காசு, விலை கூடின சாமானில் போவதைவிட எப்போதும் கூட.

நடக்கும்போது கவனிக்க வேண்டியது சுமை தூக்குகிற நாட்டாமிமாரை. தோளில் மூட்டையோடும், தலைக்கு மேல் சரக்கு ஏற்றிய கைவண்டிலோடும் அவர்கள் வருகிற வேகத்தில் நின்று வழிவிட அவகாசம் இராது. வண்டிலின் முன் கைபிடிக்குள் நின்று இழுக்கிறவர் கத்துகிற சத்தம் கேட்டதும் கடையோரமாக ஒதுங்கிவிட வேண்டும். ஒருவர் இறக்கத்தில் வண்டிலைத் தன் முதுகால் முட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தார். கால் இரண்டும் தார்வீதியில் தேய்ந்தபடி, கையில் பிடித்த தேத்தண்ணிப் பை கொஞ்சமும் சிந்தாமல். மகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பை முன்பக்கம், தொலைபேசி பைக்குள், பிள்ளையின் கை உங்கள் கையில். அவ்வளவுதான் புறக்கோட்டைப் பாதுகாப்பு.

விலை கேட்கிற வேலையை அம்மாவிடம் விட்டேன். அம்மா கல்யாணத்துக்கு முன்னர் கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் நின்று டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் படித்தவர். சிங்களம் இன்னும் நாக்கில் நிற்கிறது, ஆனால் புறக்கோட்டையில் அதற்குத் தேவை வரவில்லை. "நானா, நாலு போத்தல் எடுத்தா என்ன விலை போட்டுத் தருவீங்கள்?" என்று தொடங்கினார். ஒரு போத்தலின் விலையை அம்மா கேட்கவேயில்லை. மொத்தக் கடைகளில் ஒன்றாக எடுத்தால் ஒரு விலை, தனியாக எடுத்தால் இன்னொரு விலை. கடைக்காரரும் "உங்களுக்கு எண்டபடியா" என்று வழக்கமான வசனத்தைச் சொல்லிக் குறைத்தார். இருவருக்கும் சந்தோசம். துணிக்கடையில் மட்டும் அம்மாவின் வித்தை எடுபடவில்லை. விலை ஒட்டிய கடையில் பேரம் பேசிப் பிரயோசனமில்லை.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளியைப் பார்க்காமல் வருவதெப்படி? 1909இல் கட்டி முடித்த ஜாமிஉல் அல்ஃபர் பள்ளிவாசல் அது. சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக, சில தூண்களில் சுருளாக, மேலே மாதுளம்பழ வடிவக் குமிழ்கள். வடிவமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை முறையாகக் கட்டடக் கலை படித்தவரல்ல என்பதை அறிந்த பிறகு அதை இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்க்கத் தோன்றும். தொழுகை நேரமில்லாவிட்டால், உடுப்பு மரியாதையாக இருந்தால் உள்ளே போக விடுவார்கள். எங்களுக்கு வெளியிலிருந்து பார்த்ததே போதுமாக இருந்தது. எதிர்ப்பக்கக் கடையோரம் நின்றால்தான் முழுதாகத் தெரியும், அதுவும் வண்டில்களுக்கு நடுவே.

பத்து மணிக்குச் செட்டியார் தெருவுக்கு வந்தோம். நகைக்கடைகளுக்குள் போகாமல் இருந்தால் இதுவும் செலவில்லாத தெருதான். பழைய கதிரேசன் கோவிலும் புதிய கதிரேசன் கோவிலும் இங்கேதான் இருக்கின்றன. ஆடிவேல் விழாவுக்குத் தேர் புறப்படுவது இந்தத் தெருவிலிருந்துதான். பூபாலசிங்கம் புத்தகசாலையில் மகனை அரை மணித்தியாலம் விட்டேன். அவன் இரண்டு சின்னப் புத்தகம் எடுத்தான். அதைச் செலவுக் கணக்கில் சேர்ப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. வாசிக்கிற பிள்ளையோடு வருகிறவர்கள் வெள்ளவத்தையிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு இன்னொரு நாளை ஒதுக்கலாம். 1942இல் தொடங்கிய சங்கம். உருத்திரா மாவத்தையில் அக்கா வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

அந்த நாளில் நான் அவசரப்பட்ட ஒரே இடம் இதற்குப் பிறகுதான். கோவில் நடை சாத்துவதற்கு முன்னர் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவிலுக்குப் போய்ச் சேர வேண்டும். மத்தியானம் நடை சாத்தினால் பிறகு பின்னேரம்தான். பொன்னம்பல முதலியார் 1856இல் கட்டிய கோவில். அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதை 1907 முதல் 1912 வரை முழுக்கக் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். வர்ணம் இல்லை, சீமெந்துப் பொம்மைகள் இல்லை. வெளியே வீதி கொதிக்கிறது. உள்ளே கால் வைத்ததும் கல் குளிர்ந்து கிடக்கிறது. மேலே ஓரிரு இடத்தால் விழுகிற வெளிச்சம், விளக்குகள், எண்ணெய் வாசம். அம்மா ஒரு தூணோடு சாய்ந்து இருந்துவிட்டார். முழங்கால் நோவை மறந்து நெடுநேரம் எழும்பவில்லை. எந்தக் கடைத்தொகுதியின் குளிர்சாதனமும் தராத குளிர்மை, உண்டியலில் போட்டதைத் தவிர செலவில்லை. தூண்களில் உள்ள சிற்பங்களை மகள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். வாசலில் செருப்பு வைத்த வெயில் தரையில் நடப்பதுதான் சிக்கல்; சின்னப் பிள்ளைக்கு ஒரு சோடி காலுறை கொண்டுபோனால் நல்லது.

கிட்டத்தில்தான் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். அம்மாவின் டைப்பிங் காலத்தில் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை சிநேகிதிகளோடு வருவாராம், சைவப் பிள்ளைகள்தான் கூடவாம். இப்போதும் எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடங்களில் இதுவும் ஒன்று. வாசலில் பைகளைச் சோதிப்பார்கள், ஆகவே சாமான் குறைவாகக் கொண்டுபோங்கள். நாங்கள் ஆளுக்கொரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தோம்.

மத்தியானச் சாப்பாடு அந்தப் பக்கத்துச் சைவக் கடையொன்றில். கொழும்புச் சைவக் கடைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கேட்காமலேயே வடை, ரோல்ஸ், சமோசா நிறைந்த தட்டொன்றை மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசமும் இல்லை, முழுதாக வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எடுத்ததை எண்ணித்தான் கணக்கு. ஆனால் பசித்த பிள்ளைகளுக்கு முன்னால் அந்தத் தட்டு இருக்கும்வரை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிடலாம், யாரும் குறை நினைக்கமாட்டார்கள். சோறும் கறியும் மூன்று எடுத்தோம். கறியும் சோறும் திரும்பத் திரும்பப் போடுவார்கள் என்பதால் பிள்ளைகள் இருவருக்கும் ஒன்று போதும். பன்னிரண்டுக்கு முன்னர் போனபடியால் இடமும் கிடைத்தது, கறியும் சூடாக இருந்தது.

இப்போது வெயில் உச்சி. இந்த நேரத்துக்கென்றுதான் அருங்காட்சியகத்தை வைத்திருந்தேன். அன்றைய ஒரே ஓட்டோவும் இங்கேதான். கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டை ஸ்டேஷன் வரை தொலைபேசிச் செயலியில் கூப்பிட்டு, விலையைப் பார்த்து ஏறினோம். வீதியில் மறித்தால் சொல்கிற விலைக்கும் இதற்கும் நல்ல வித்தியாசம். அம்மாவை அந்த வெயிலில் நடத்திப்போய், பின்னேரம் முழுக்க அவர் முடியாமல் இருந்தால் அதற்கு மேல் செலவாகும். ஓட்டோ எடுப்பது பிழையில்லை, எங்கே எடுப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டேஷனடியில் மகரகமப் பக்கம் போகும் 138 பஸ்ஸில் ஏறினால் நகர மண்டபம், நூலகம், அருங்காட்சியகம் எல்லாம் வழியிலேயே. பஸ்ஸில் பெரிய தாளை நீட்டாதீர்கள். நான் நீட்டியதற்குக் கொண்டக்டர் "மிச்சம் பிறகு" என்று ரிக்கற்றின் பின்னால் எழுதித் தந்துவிட்டு முன்னுக்குப் போய்விட்டார். இறங்குகிற நேரம் அந்தச் சனத்துக்குள்ளால் அவரைத் தேடிப் பிடித்து வாங்க வேண்டியதாயிற்று. இருபதும் ஐம்பதும் நூறுமாக மாற்றிக்கொண்டு போனால் இந்தத் தொல்லை இல்லை.

தேசிய அருங்காட்சியகம் 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில், வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தக்காரர் கட்டியது. வேண்டியதைக் கேள் என்று ஆளுநர் சொன்னபோது, வெள்ளிக்கிழமையில் இந்த இடத்தை மூடி வைக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாக ஒரு கதை உண்டு. வெள்ளை வெளேரென்ற கட்டிடத்துக்கு முன்னால் பெரிய ஆலமரம். தேசிய அடையாள அட்டை காட்டினால் உள்ளூர்க் கட்டணம், அது சின்னத் தொகை. வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்களோடு போகிறவர்கள் கவனம்: அவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு, அதை வாசலில் வைத்துத் தெரிந்துகொள்வதைவிட வீட்டில் தெரிந்துகொள்வது நல்லது.

பிள்ளைகளோடு எல்லா அறையையும் பார்க்க நினைக்கக்கூடாது. நாங்கள் மூன்றைத்தான் தேடிப் போனோம். கண்டி அரசனின் சிம்மாசனம்; 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோய், 1934இல் திருப்பித் தந்தது. பொலன்னறுவைச் சிவன் கோவில்களில் கிடைத்த வெண்கலச் சிலைகள். நடராசருக்கு முன்னால் அம்மா செருப்பைக் கழற்றப் போனதை நான் தடுக்கவில்லை. மூன்றாவது, மகனுக்கென்று நான் வைத்திருந்தது, காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு.

அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது, கல்லில் உள்ள ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்குக் கொடுத்த பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. தென்முனையில் தெவிநுவரையில் இருந்த பெருமாளைத்தான் அப்படிச் சொன்னார்கள். பின்னாளில் யாருக்கும் பெறுமதி தெரியாமல், 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தபோதுதான் ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். எழுத்து தேய்ந்து போயிருக்கிறது. மகன் முழங்காலில் இருந்து பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்துப் பார்த்து ஒரு "ந"வைக் கண்டுபிடித்தான். பிறகு அது "ந" இல்லை என்றான். பிறகு திரும்ப "ந"தான் என்றான். காவலுக்கு நின்ற அம்மா ஒருவர் சிங்களத்தில் ஏதோ கேட்க, என் அம்மா பதில் சொல்ல, இருவரும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். முழங்கால் நோ பற்றியதாம். மூன்று மணி வரை அங்கேயே கழிந்தது. நல்ல கழிப்பறையும் உண்டு.

விகாரமாதேவிப் பூங்காவுக்கு அங்கிருந்து நடக்கலாம். வாசல் கட்டணமில்லை, பெரிய மரங்கள், விளையாட்டிடம், மறுபுறம் 1928இல் திறந்த வெள்ளை நகர மண்டபம். குடைக்குள் மறைந்திருக்கும் சோடிகளைப் பார்த்து மகள் "மழை இல்லையே, ஏன் குடை?" என்று சத்தமாகக் கேட்டதைத் தவிர விசேடமாக ஒன்றுமில்லை. அம்மா புல்லில் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்துவிட்டார். மிச்சக் கடலை இங்கே முடிந்தது. வெளியே ஒரு செவ்விளநீரை இரண்டு பேராகக் குடித்தோம். சோடாவைவிட மலிவு, பிள்ளைகளின் சிணுங்கலும் நின்றது.

ஐந்து மணிபோல கொள்ளுப்பிட்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கோட்டைப் பக்கம் போகும் இன்னொரு பஸ், காலி முகத்திடலில் இறங்கினோம். இதற்கு முந்திப் போவதில் அர்த்தமில்லை; திடலில் ஒரு மரநிழல் கிடையாது. பின்னேரம் வெயில் தாழ்ந்து காற்று எழும்பியதும்தான் அந்த இடத்துக்கு உயிர் வரும். ஓகஸ்ட் காற்றில் பட்டங்கள், குமிழி ஊதுகிறவர்கள், அலை மதிலில் அடித்துத் தெறிக்கிறபோது ஓடுகிற பிள்ளைகள். முன்னால் கடலை நிரப்பி எடுத்த துறைமுக நகரம் இப்போது பார்வையில் பாதியை எடுத்துக்கொண்டுவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. மகனுக்குப் பிடித்திருக்கிறது.

நடைபாதையில் ஒரு சின்ன நினைவுக் கல் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைக் கடந்து போவார்கள். சேர் ஹென்றி வோர்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை இது என்றும், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி தனக்குப் பின் வருகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறார் என்றும் அதில் எழுதியிருக்கிறது. காலையில் மனைவியின் மணிக்கூடு, பின்னேரம் கணவரின் நடைபாதை. இந்தத் திடலில்தான் 2022இல் சனம் கூடாரம் அடித்து மாதக்கணக்கில் இருந்து ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்பியது. அதற்கு ஒரு கல்லும் என் கண்ணில் படவில்லை.

இறால் வடை சாப்பிடாமல் வந்தால் பிள்ளைகள் மன்னிக்கமாட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்தது எப்போது பொரித்தது என்று தெரியாது. எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிற வண்டிலடியில் நில்லுங்கள், சனம் கூட நிற்கிற வண்டில் இன்னும் நல்லது. விலையை வாங்குவதற்கு முன்னர் கேளுங்கள். வெங்காயமும் மிளகாய்ச் சாறும் வேண்டாமென்றால் முதலே சொல்லிவிடுங்கள், சொல்லும் முன்னரே ஊற்றிவிடுவார்கள். ஆளுக்கொன்று, மகளுக்கு உறைப்பில்லாமல். அம்மா சைவம், அன்னாசித் துண்டில் உப்பும் மிளகாய்த் தூளும் போட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்ப வர 100, 101 எதுவென்றாலும் சரி, காலி வீதி வழியே வெள்ளவத்தையில் இறக்கிவிடும். ஏழு மணிக்கு நிற்க இடம் கிடைத்தது, அம்மாவுக்கு ஒரு பொடியன் எழும்பி இடம் கொடுத்தான்.

இரவு கணக்குப் பார்த்தேன். ரயில், பஸ், ஓட்டோ எல்லாம் சேர்த்து நாலு பேருக்கும் ஆயிரம் ரூபாய் போகவில்லை. சாப்பாடு, அருங்காட்சியகம், இறால் வடை, இளநீர் என்று எல்லாம் கூட்டினாலும் ஐயாயிரத்துக்குள். புறக்கோட்டைச் சாமானும் புத்தகமும் வேறு. முந்தின வருகையில் கடைத்தொகுதிக்குள் கழித்த ஒரு மத்தியானத்துக்கே இதைவிடக் கூடப் போயிருந்தது.

அக்கா இரவுக்கு மீன் குழம்பும் புட்டும் வைத்திருந்தார், முகக் கோணல் எல்லாம் போய்விட்டது. மகன் கல்வெட்டைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், வெள்ளவத்தைக்கு வந்து இத்தனை வருசத்தில் தான் அதைப் பார்க்கவில்லை என்றார். "அடுத்த சனிக்கிழமை நானும் வாறன், நீங்கள் போறதுக்கு முதல் ஒருக்கா கூட்டிக்கொண்டு போ" என்றார். அத்தான் உடனே, அப்படியென்றால் கார் பிடித்துப் போவோம், எல்லாருக்கும் வசதி என்று தொடங்கினார். புறக்கோட்டையில் நாட்டாமிமாரின் வண்டில்களுக்கு நடுவே காரை எங்கே விடுவீர்கள் என்று அம்மா கேட்டார். அத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறபோதே அக்கா அடுத்த சனிக்கிழமைக் கடலையை ஊறப்போடுவது பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்.